உப்பு கல்லை உதிர்ப்பது எப்படி? செங்கல் துண்டில் செய்து பார்க்கலாம்

பாறைச் சிதைவு என்றதும் வெயில், மழை, காற்று மூன்றும்தான் நினைவுக்கு வரும். கடலோரத்தில் உப்பின் வேலை இவற்றுக்குக் குறைந்ததல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை எடுக்க, தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி உறிஞ்ச வைக்கிறார்கள். அந்தச் சிதைவை வீட்டு மொட்டை மாடியிலேயே பார்த்துவிடலாம்.

வேண்டியவை: சூளைச் செங்கல் ஒன்று, கல்லுப்பு ஒரு கிலோ, பிளாஸ்டிக் டப்பா மூன்று, 0.1 கிராம் வரை காட்டும் தராசு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கருங்கல்லில் தொடங்க வேண்டாம். அதில் நுண்துளைகள் மிகக் குறைவு, மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். செங்கல் தன் எடையில் 15, 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும்.

படி 1: 4 செ.மீ. கனசதுரமாக மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் 110 கிராம் அளவில் வரும். கட்டிங் மெஷினில் அறுத்து வாங்குங்கள். சுத்தியலால் உடைத்தால் உள்ளே விரிசல் விழும். பிறகு எது உப்பு செய்தது என்று சொல்ல முடியாது. அ, ஆ, இ என்று பென்சிலால் குறித்து, அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே எடை காட்டும்வரை காயவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: 100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் உப்பு கரையும். 40 கிராம் போடுங்கள், அடியில் கொஞ்சம் தங்கட்டும். பாக்கெட் தூளுப்பு கூடாது. அதில் 535 அல்லது 536 என்று அச்சிட்டிருந்தால், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்த்த ஃபெரோசயனைடு இருக்கிறது. அது உப்பைக் கல்லுக்கு வெளியே பூக்க வைத்து, சேதத்தையே குறைத்துவிடும்.

படி 3: ‘அ’ இரவு முழுக்க உப்புக் கரைசலில், பகலில் வெயிலில். ‘இ’ அதே முறையில், ஆனால் வெறும் தண்ணீரில். ‘ஆ’வை 1 செ.மீ. ஆழக் கரைசலில் நிறுத்தி அப்படியே விட்டுவிடுங்கள். வற்றினால் கரைசலையே ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து சுற்று ஓடட்டும்.

இங்கே பலரும் ஏமாறுவது வெள்ளைப் பூச்சில். நிழலில் மெதுவாக உலர்ந்தால் உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும். பார்க்கப் பயங்கரம், கல்லுக்குச் சேதம் குறைவு. வெயிலும் காற்றும் பட்டு வேகமாக உலர்ந்தால், நீர் ஆவியாகும் இடம் கல்லுக்குள் நகரும். படிகம் துளைக்குள்ளேயே வளர்ந்து சுவரை நெருக்க, மேல்தோல் செதிலாகக் கழன்று வரும். ‘ஆ’வில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பட்டை உருவாகும். அங்கே விரலை வைத்தால் செம்பொடி ஒட்டும். காம்பவுண்டு சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பூச்சு உதிர்வதும் இதனால்தான்.

படி 4, எடை. அப்படியே நிறுத்தால் ‘அ’வின் எடை கூடியிருக்கும், உள்ளே உப்பு இருப்பதால். எனவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள், தேய்க்கக் கூடாது. உப்பு போய்விட்டதா என்று அறிய, ஊறிய நீரில் ஒரு ஸ்பூனும் குழாய் நீரில் ஒரு ஸ்பூனும் எவர்சில்வர் தட்டில் தனித்தனியே வற்ற விடுங்கள். இரண்டு கறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். போர் தண்ணீரே கறை விடும் என்பதால் ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள். பிறகு காயவைத்து நிறுங்கள். ‘அ’ இழந்த எடையிலிருந்து ‘இ’ இழந்ததைக் கழித்தால் உப்பின் பங்கு கிடைக்கும்.

பின்சேர்க்கை: “கல் காயவே மாட்டேன் என்கிறது” என்று கடலோர ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காமல் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். காத்திருக்க முடியாதவர்கள் 105 டிகிரி செல்சியஸ் அவனில் உலர்த்தலாம். கட்டுமான ஜல்லியைச் சோதிக்கும் ஐ.எஸ். 2386 என்ற இந்தியத் தர நிர்ணய முறையிலும் துண்டுகளை சோடியம் சல்பேட்டில் ஊறவைத்து, அவனில்தான் உலர்த்துகிறார்கள்.