வேர்முனையில் சீழ் கட்டிய பல்லை என்ன செய்வது?

சொத்தைப் பல்லில் நாள்கணக்காகக் குத்திய வலி ஒருநாள் தானாக நின்றால் நிம்மதி அடையாதீர்கள். பெரும்பாலும் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் என்னும் மென்திசு செத்துப்போயிருக்கும். கூழோடு ரத்தக்குழாய்களும் அழிவதால், வெள்ளணுக்கள், கூழ் இருந்த வேர்க்குழாய்க்குள் போக வழியில்லை. கிருமிகள் உள்ளே பெருக, வெள்ளணுக்கள் வேர்முனைக்கு வெளியே, எலும்பில் நின்று போராடுகின்றன. முதலில் வரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கிச் சாகும். அவையும் கரைந்த திசுவும்தான் சீழ். அடுத்து வரும் மேக்ரோஃபேஜ், டி செல் என்னும் வேறு வெள்ளணுக்கள் சுரக்கும் பொருள்கள், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடும். எக்ஸ்ரேயில் வேர்முனையில் தெரியும் கறுப்பு நிழல் இந்த அரிப்புதான். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகே அது தெரியும். அதனால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும், தட்டினால் வலிக்கும் பல்லைச் சோதிக்காமல் விடக்கூடாது.

ஆன்டிபயாடிக்கும் ரத்தம் வழியாகத்தான் வர வேண்டும். எனவே மாத்திரையில் வீக்கம் வற்றினாலும் வேர்க்குழாய்க் கிருமிகள் அப்படியே இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மருத்துவர் எழுதித் தருவார்.

மருத்துவரைப் பார்க்கும்வரை, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொப்பளியுங்கள். பெரியவர்கள் சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. சேர்த்து, நாளுக்கு அதிகபட்சம் 3 முறை எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், டெங்கு சந்தேகம், ரத்தம் உறையாமைக்கான மருந்து இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரினை ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். கன்னத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம்.

வாய் திறக்க முடியாமை, விழுங்கத் திணறல், நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், கண் மூடும் அளவு வீக்கம் – இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுக்குழாய் அடைபடலாம்.

சிகிச்சை ரூட் கேனல் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்து நிரப்புவது), அல்லது பல்லைப் பிடுங்குவது. ரூட் கேனலில் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி எச்சிலைத் தடுப்பது அவசியம். கட்டுவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஃபைல் என்னும் மெல்லிய அரத்தால் குழாயைத் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினியால் கழுவுவார்கள். சீழ் நிற்காவிட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து ஓரிரு வாரம் மூடுவார்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நான்காவது குழாய் ஒன்று இருக்கும். அதைத் தவறவிட்டால் சீழ் திரும்பும். நிரப்பியபின் கேப் போடாமல் மாதக்கணக்கில் விட்டாலும், தற்காலிக அடைப்பின் ஓரம் வழியாகக் கிருமி கசிந்து, பல்லும் பிளந்துவிடலாம்.

கிருமி போனதும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அடங்கி, எலும்பு மெல்ல வளரும். ஓராண்டில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நிழல் சுருங்கியிருந்தால் நல்லது. முழுதாக மறைய 4 ஆண்டுகள்கூட ஆகலாம்.