ஆறிய கால் புண் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

புண் மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். என் அம்மாவைப் போல, கால் சிரைகள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) புடைத்துச் சுருளும் வெரிகோஸ் தொல்லையால் கணுக்காலுக்கு மேலே புண் வந்தவர்களுக்கு அந்த நிம்மதி பாதிதான். சிரைகளில் இரத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் வால்வுகள் பழுதானது பழுதானதுதான். தேங்கும் இரத்தத்தின் அழுத்தம் தோலை நலிய வைக்கும், சின்னக் கீறல்கூட மறுபடி புண்ணாகும்.

அதனால்தான் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங், அதாவது காலை இறுக்கிப் பிடித்து இரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் நீளமான காலுறை. இதை நாமாக வாங்கி மாட்டக் கூடாது. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டு, காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் டாக்டர் எழுதித் தருவார். அடைப்புள்ள காலை இறுக்கினால் காலுக்கே ஆபத்து.

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், வீக்கம் வராதபோதே மாட்டிவிடுங்கள். குதிகால் பகுதி வரை உள்பக்கத்தை வெளியே புரட்டி, பாதத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது, நகமும் கிழிக்காது. நீளம் மிஞ்சினால் மேல்விளிம்பை மடிக்காதீர்கள்; அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல இறுகிவிடும்.

“இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்டி” என்பார் அம்மா. நான் வாதாடுவதில்லை, எங்கே உறுத்துகிறது என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு சுருக்கமோ அரிப்போ இருக்கும். உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் இறுக்கம் குறைந்ததைத் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அலமாரியில் தூங்கும் இறுக்கமானதைவிட, தினமும் போடும் லேசானது மேல்.

இரவில் கழற்றியதும் வாசனையில்லாத கிரீம் தடவுவேன். காலை முழுசாகப் பார்க்க அதுதான் நேரம். கணுக்காலின் உள்பக்கம், விரலிடுக்கு, குதிகால். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமல் போகலாம், எனவே நம் கண்தான் பார்க்க வேண்டும். புதிதாகக் கசிவு, நிறமாற்றம், தோல் விரிசல் தெரிந்தால் ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். ஸ்டாக்கிங் போட்டிருக்கும்போது விரல்கள் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முக்காலியில் கால் வைப்பது போதாது. படுத்து, தலையணைகளால் பாதத்தை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்க விடாதீர்கள். அப்புறம் நடை. முடியாத நாளில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச்சதைதான்.

ஸ்டாக்கிங் மூன்று முதல் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். புதிதுக்கு அளவு எடுப்பதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; மாலையில் வீங்கிய காலுக்கு எடுத்த அளவு மறுநாள் லூஸாகத்தான் இருக்கும்.