பழைய சிடியில் இருக்கும் தமிழ் மடல்களை மீட்பது எப்படி

சமூக வலைத்தளமான ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, மடற்குழுச் சேவையான யாகூ குரூப்ஸ் 2020-இல். காரைக்குடி பிரவுசிங் சென்டரில் சிடியில் எழுதி வாங்கிய சிங்கப்பூர், மலேசியா மடல்கள் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் அது பெரிய பாக்கியம். அடுத்த கோடைக்குள் எடுத்துவிடுங்கள். வெக்கையில் சிடியில் தகவல் பதிந்திருக்கும் சாயம் மங்கும்.

மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடே ஓடி, தொடர்ச்சியாகத் தகவல் போய்விடும். பெயர் எழுதிய மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால் இன்னும் மோசம், பிரதிபலிக்கும் பூச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் கணினியில் நகலெடுங்கள். நகலை மட்டுமே திறங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் உள்ள கோப்பை, யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று திறந்து சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறியாகி நிரந்தரமாக அழியும். விண்டோஸ்-1252 என்ற பழைய விண்டோஸ் குறியாக்கமாகத் திறக்க வேண்டும்.

எந்த எழுத்துரு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய ‘ஆச்சி’ என்பது பெரிய எம், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி என்று தெரியும். விசித்திரக் குறிகளாகத் தெரிந்தால் டிஸ்கி, டாப், டாம் என்ற மூன்று பழைய குறியாக்கங்களையும், அவற்றை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாருங்கள்.

மாற்றியபின் கொம்பைக் கவனியுங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். ‘பெரியப்பா’வில் கொம்பு தனியே நின்றால் தேர்ந்தெடுத்த எழுத்துரு தவறு.