கார்வெட் செய்யும்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள்

இரண்டாம் உலகப் போரின் ‘பிளவர்’ வகைக் கார்வெட் என்ற சிறு போர்க்கப்பலை மரத்தில் மாதிரியாகச் செய்ய என் பட்டறைக்கு வரும் பையன்கள் எல்லாருக்கும் முதலில் பீரங்கிதான் வேண்டும். இருப்பதோ முன்னால் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி. நீர்மூழ்கியை ஒழிக்க வைத்திருந்த சரக்கு முக்கால்வாசி பின்பக்கம். அங்கே சோம்பல்பட்டால், பீரங்கி வைத்த மீன்பிடிக் கப்பல்தான் கிடைக்கும்.

அளவு 1:100 போதும், கணக்கு சுலபம். அசல் நீளம் 62.5 மீட்டர், அகலம் 10 மீட்டர், உங்களுக்கு 62.5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர். குமிழ் மரம் கிடைத்தால் விடாதீர்கள், உளிக்கு நன்றாக இணங்கும். 2 சென்டிமீட்டர் பலகைகளை அடுக்கி ஃபெவிகால் போட்டு இறுக்குங்கள். மேல் பலகை முன்னால் உயர்ந்து நிற்கும் முன்தளத்துக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிக் காற்றுக்கு பசை காய நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

இந்தக் கப்பலின் வடிவம் ‘சதர்ன் பிரைட்’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பலிலிருந்து வந்தது. போர்க்கப்பலே கட்டியிராத சிறு தளங்களும் கட்ட வேண்டும் என்பதால் அந்த எளிய வடிவம். அதனால் மேல்தளத்தை ஸ்கேல் வைத்து நேராக வெட்டாதீர்கள். முன்னால் நன்றாக எழும்பி, நடுவில் தாழ்ந்து, பின்னால் கொஞ்சம் ஏற வேண்டும்.

வெட்டுவதற்கு முன், எந்த வருடத்துக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் முன்தளம் குட்டை, பாய்மரம் கப்பலை நடத்தும் மேடைக்கு முன்னால். பிற்பாடு முன்தளத்தை நீட்டி, பாய்மரத்தை மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். இன்று மிச்சமிருப்பது கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிற்கும் ‘சாக்வில்’ ஒன்றுதான். அது 1944 தோற்றத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து 1941 கப்பல் செய்ய முடியாது.

சரி, பின்பக்கம். நீர்மூழ்கி மேல் போடும் ஆழ்குண்டுகளை உருட்டிவிட விளிம்பில் இரண்டு தண்டவாளங்கள், பக்கவாட்டில் வீசப் பக்கத்துக்கு ஒன்றாக எறிகருவிகள். ஆழ்குண்டு என்பது 45 சென்டிமீட்டர் விட்டம், 70 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு டிரம். நமக்கு 4.5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர். உருண்டையான குல்பி குச்சியைத் தேய்த்து, துண்டு போட்டால் அச்சு அசலாக இருக்கும். தண்டவாளத்துக்குப் பித்தளைக் கம்பி.

குண்டு ஏன் பின்னால் என்று பையன்கள் கேட்பார்கள். ஆஸ்டிக் என்ற ஒலிக்கருவி முன்னோக்கித் தேடும். கப்பல் நீர்மூழ்கியின் தலைக்கு மேல் நெருங்கும்போது எதிரொலி அறுந்துவிடும். அதற்குப் பிறகுதான் குண்டை உருட்ட முடியும். அது விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் இறங்குவதற்குள் கீழே இருப்பவன் திரும்பிவிடலாம். குண்டு வெடிக்குமுன் கார்வெட்டும் விலகியிருக்க வேண்டும், அதனால் பின்னால் போடுவதுதான் அதற்கும் நல்லது. எதிரொலி அறுவதற்கு முன்பே 24 குண்டுகளை முன்னால் வீசும் ஹெட்ஜ்ஹாக் வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். உங்கள் கப்பல் 1941 என்றால் அதை வைக்காதீர்கள்.

இந்த ஊரில் செய்கிறோம் என்றால் நான் சொல்வது ‘அக்கோனித்’. 1940 செப்டம்பரில் புதுச்சேரி, ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்தது. அதே கொடியின் கீழ் ஓடிய கார்வெட் இது. 1943 மார்ச் 11 அன்று அட்லாண்டிக்கில் யூ-444, யூ-432 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரண்டும் மூழ்கியதில் இதற்குப் பங்கு உண்டு. பக்கவாட்டில் கே58 என்று எழுதுங்கள். முன்கொடியில் இரட்டைக் குறுக்குக் கோடு போட்ட லொரேன் சிலுவை, பின்னால் பிரெஞ்சு மூவர்ணம்.

பெயின்ட் கடையில் ‘போர்க்கப்பல் சாம்பல்’ கேட்டு வாங்கிவிடாதீர்கள். அட்லாண்டிக்கில் கான்வாய்களுக்கு, அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்கு, காவல் போன கப்பல்கள் பலவற்றுக்கு வெள்ளையும் வெளிறிய நீலமும் பச்சையும்தான் பூசினார்கள். மங்கிய வானத்துக்கு எதிரே எளிதில் தெரியாது. அந்த வெள்ளையின் மேல் நங்கூரத் துளைக்குக் கீழே துருக்கோடு இழுங்கள். கடலில் கிடந்த கப்பல் பளிச்சென்று இருக்காது.

கயிறுகளுக்குப் பருத்தி நூல் வேண்டாம், கடல் காற்றில் ஒரு நாள் இறுகும், ஒரு நாள் தொங்கும். தையல் கடை பாலியஸ்டர் நூல் போதும். கைப்பிடிக் கம்பங்களுக்குத் தென்னை ஈர்க்கு. அதன் மெல்லிய நுனியை மட்டும் வெட்டி எடுங்கள்.