பழைய கோல்ஃப் பந்து: அடிக்கலாமா, ஒதுக்கலாமா?

கோல்ஃப் பந்துப் பெட்டியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் காலாவதித் தேதி கண்ணில் படாது. மும்மூன்றாக நான்கு சின்ன அட்டைக்கூடுகள், ஆக 12 பந்துகள், அவ்வளவுதான். சொந்தக்காரர் கொடுத்த பழைய பெட்டி, தள்ளுபடியில் வாங்கி அலமாரியில் கிடப்பது, குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்பது என்று பலவிதமான பந்துகள் கைக்கு வரும். எதை நம்பி அடிப்பது?

சுருக்கமாகச் சொன்னால், இப்போதைய பந்தை வயதைவிடச் சூடும் தண்ணீரும்தான் அதிகம் கெடுக்கும். வீட்டுக்குள் சாதாரண வெப்பத்தில் இருந்த பிரிக்காத பெட்டியை ஐந்து வருடம் கழித்தும் தாராளமாக எடுத்து ஆடலாம்.

1. எந்தக் காலத்துப் பந்து என்று பாருங்கள்

இன்று கடையில் கிடைக்கும் பந்துகளின் உள்ளே பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பர் கெட்டியாக இருக்கும். விலை குறைந்தவற்றில் மேலுறை பெரும்பாலும் சுர்லின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் வகை. விலை கூடியவற்றில் யூரித்தேன். இரண்டுமே சீக்கிரம் கெடாதவை.

1990-கள் வரை வந்த நூல் சுற்றிய பந்துகள் வேறு ரகம். நடுவில் ஒரு சிறிய உருண்டை, அதன்மேல் இழுத்துச் சுற்றிய ரப்பர் நூல், அதன்மேல் மெல்லிய உறை. வருடம் போகப் போக நூலின் இறுக்கம் தளரும், பந்தும் முன்போல் பறக்காது. 'பந்தைச் சேர்த்து வைக்காதே, வீணாகிவிடும்' என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இந்தப் பந்துகளை ஆடிய அனுபவத்தில்தான். 2000-இல் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் நூல் சுற்றாத புரோ வி1 பந்து வந்தபின் தொழில்முறை ஆட்டத்திலிருந்து இவை வேகமாக மறைந்துவிட்டன. பந்தில் 'பலாட்டா' (அந்தக் காலத்து மென்மையான உறையின் பெயர்) என்று அச்சிட்டிருந்தால் ஷோகேஸில் வைத்துவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்க்க மட்டும் வேண்டாம். அந்தக் காலத்துப் பந்துகள் சிலவற்றின் நடுவில் அழுத்தத்தில் அடைத்த திரவம் இருக்கும். அது பீய்ச்சியடித்துக் குழந்தைகளின் கண்ணில் காயம் பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

2. கழுவுங்கள்

அழுக்கோடு இருக்கும் பந்தைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பந்தின் மேல் பொதுவாக 300 முதல் 400 குழிகள் இருக்கும். அவற்றில் மண் அடைத்துக்கொண்டால் பந்து போகும் பாதையே மாறும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்; பெயிண்டோடு உறையும் கெட்டுப்போகலாம்.

3. விரலால் தடவிப் பிரித்து வையுங்கள்

நன்றாகத் துடைத்த பந்தை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பந்து. லேசாகச் சொரசொரத்தால், மைதானத்தில் வண்டி போகும் பாதையிலோ மரத்திலோ உரசிய பந்து, பயிற்சிக்கு ஆகும். நகம் ஒரு கோட்டில் சிக்கி நின்றால் அது வெட்டு அல்லது விரிசல், கழித்துவிடுங்கள். மஞ்சள் பூத்தது வெயிலால் ஆனதாக இருக்கலாம். நிறம் மாறியதற்காக மட்டும் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் நெடுநாள் வெயிலில் கிடந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு, அதே மாடலில் ஒரு புதுப் பந்தும் இதுவுமாகத் தோள் உயரத்திலிருந்து கிரானைட் தரையில் விடுங்கள். எழும்பும் உயரத்தைவிடச் சத்தத்தைக் கவனியுங்கள். உள்ளே உடைந்த பந்து 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும்.

உப்புத் தண்ணீரில் மிதக்கவிடும் சோதனையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பது அதில் தெரியும், வயது தெரியாது. ஆரம்பத்தில் அது தேவையே இல்லை.

4. குளத்துப் பந்து

மேலுறை தண்ணீரை முழுக்கத் தடுக்காது. மாதக்கணக்கில் சேற்றில் கிடந்தால் ஈரம் உள்ளே மெல்ல இறங்கி, பந்து தூரம் குறைந்துபோகும். எத்தனை நாள் கிடந்தது என்பது வெளியே தெரியாததுதான் தொல்லை. நகைத் தராசு கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள். விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 46-ஐத் தாண்டினால் ஒதுக்குங்கள். தாண்டாததெல்லாம் நல்லது என்றும் அர்த்தமில்லை. மறுபடி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று விற்பதைவிட, கழுவி மட்டும் விற்பதை வாங்குவேன். அதிலாவது கீறல் கண்ணுக்குத் தெரியும்.

5. வைக்கும் இடம்

நம்மில் பலர் பேக்கைக் கார் டிக்கியிலேயே விட்டுவிடுவோம். சென்னை மே மாத வெயிலில் மூடிய காருக்குள் 50 டிகிரி எளிதாகத் தாண்டும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, கோடை முழுக்க அங்கேயே கிடப்பதுதான் கெடுதல். பேக்கைத் தூக்க அலுப்பாக இருந்தால் பந்துகளை மட்டுமாவது எடுத்து வந்துவிடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும் டிக்கிக்குச் சளைத்ததல்ல.

படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும். புதுப் பந்தை அதன் பெட்டியிலேயே விட்டு, வாங்கிய மாதமும் வருடமும் பேனாவால் எழுதுங்கள். பழையதை முதலில் எடுங்கள். உதிரிப் பந்துகளுக்கு முப்பது முட்டை அட்டை அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், குளிர்ந்த பந்து குறைவாகத்தான் பறக்கும்.

ஊட்டிக் குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் சூடேற்றி எடுத்துப் போகவும் கூடாது. வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பது விதி 4.2-இன்படி ஆட்டத்திலிருந்தே நீக்கும் குற்றம். இரவில் அறைக்குள் வைத்திருந்தாலே போதும்.

போட்டியில் சேர்வதாக இருந்தால் ஒரு வேலை பாக்கி. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகளின் அங்கீகரித்த பந்துப் பட்டியலில் உங்கள் மாடல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பு நின்ற பழைய மாடல்கள் அதிலிருந்து விழுந்துவிடும். நண்பர்களோடு சனிக்கிழமை ஆட்டம் என்றால் அதை யாரும் கேட்கப்போவதில்லை.