ஆங்கிலத்துக்குப் புதுச் சொல் தருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மண்டபம் பக்கம் சாயங்காலம் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். போன மாசியில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நோட்டை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றான். அட்டையில் 'புதிய ஆங்கிலம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு. முன்பாதியில் எழுத்துக்கூட்டல் திருத்தங்கள். 'எனஃப்' என்பதை இ-என்-யு-எஃப் என்று நாலே எழுத்தில் முடித்திருந்தான். 'நைஃப்' முன்னால் சும்மா நிற்கும் கே-யை வெளியே தள்ளியிருந்தான். பின்பாதியில் அவனே ஆக்கிய சொற்கள், நாற்பதுக்குக் குறையாது. "சார், இதை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்புனா சேத்துக்குவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வயதில் நானும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஆங்கில ஸ்பெல்லிங்கில் அடிபட்ட யாருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும். நம் மொழியில் எழுதியபடியே வாசிக்கிறோம் என்ற பெருமிதம் வேறு. (முழுக்க உண்மையில்லை. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று.) அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், விலாசமே தவறு. அகராதிக்காரர்கள் சொல்லுக்கு அனுமதி தருகிறவர்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் வேலை நம் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவர் வேலை. கரைக்கு வந்த மீனைத்தான் அவர் எழுதுவார், கடலில் மீனை விடுவது அவர் பொறுப்பில்லை. ஒரு சொல் பல இடங்களில், பலர் கையில், கொஞ்ச காலமாவது புழங்கியதற்குச் சாட்சி இருந்தால் அகராதியில் ஏறும். பிரெஞ்சுக்கு 1635 முதல் ஒரு அகாதெமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-இல் எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. ஆகவே மனுக் கொடுக்க ஆங்கிலத்தில் ஜன்னலே கிடையாது.

சரி, அகராதியில் ஏறிவிட்டால் பிழைத்துக்கொள்ளுமா? அதுவும் இல்லை. ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக ஒரு பிரதிப்பெயர் இல்லையே என்று அமெரிக்கரான சார்லஸ் கன்வர்ஸ் 'தட்', 'ஒன்' இரண்டையும் ஒட்டி 'தான்' (டி-எச்-ஓ-என்) என்று ஒரு சொல் செய்தார். 1884-இல் அச்சில் வந்தது. 1934-இல் வெப்ஸ்டரின் பெரிய அகராதியிலும் இடம் கிடைத்தது. யாரும் பேசவில்லை, 1961-இல் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த 'தே' வந்து உட்கார்ந்துகொண்டது. நமக்கு 'அவர்' இருப்பதால் ஆங்கிலத்தின் இந்த ஓட்டை நம் கண்ணில் சட்டென்று படும். ஆனால் ஓட்டை கண்ணில் படுவதும் அடைபடுவதும் வேறு வேறு.

எங்கள் பையனின் நோட்டிலும் இதே வகையில் ஒரு சொல் இருந்தது. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'வி'தானே, எதிரே நிற்பவரைச் சேர்த்துச் சொல்லும்போது ஒன்று, விட்டுச் சொல்லும்போது இன்னொன்று வேண்டாமா என்று 'நாம்' என்பதையே என்-ஏ-எம் என்று எழுதிவைத்திருந்தான். அருமையான கவனிப்பு. போட்மேட் ஒருவர் "நாங்க நாளைக்குக் கடலுக்குப் போறோம்" என்றால் நீங்கள் கரையில் நிற்கலாம், "நாம போறோம்" என்றால் நீங்களும் வலை சுமக்க வேண்டும். அவ்வளவு வித்தியாசம். ஆனால் பிரதிப்பெயர், இடைச்சொல் போன்றவை மொழியின் எலும்பு. அந்த இடத்தில் திட்டம் போட்டுப் புதிதாக எதையும் நுழைப்பது மிகக் கடினம். 'தே' என்பதே ஒருகாலத்தில் வடக்கிலிருந்து வந்த வைகிங்குகளின் மொழியிலிருந்து நுழைந்ததுதான். அது இரண்டு கூட்டம் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து நடந்த காரியம், நோட்டில் எழுதி நடந்ததில்லை.

அடுத்தது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றப் பார்ப்பது. பெரிய பெரிய ஆட்களே இங்கே கவிழ்ந்திருக்கிறார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1768-இல் ஆறு எழுத்தை விலக்கி, ஆறு புது எழுத்தைச் சேர்த்து ஒரு நெடுங்கணக்கே போட்டார். அது அவர் கடிதங்களோடு நின்றது. நோவா வெப்ஸ்டர் 'கலர்', 'ஹானர்' சொற்களிலிருந்து யு-வை எடுத்தார், அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அதே வெப்ஸ்டர் 'டங்' என்பதை டி-யு-என்-ஜி என்றும் 'விமன்' என்பதை டபிள்யூ-ஐ-எம்-எம்-இ-என் என்றும் எழுதச் சொன்னார், அமெரிக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் எழுத்து குறைந்தால் கண் பொறுத்துக்கொள்கிறது, சொல்லின் முகமே மாறினால் மிரள்கிறது.

1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களின் புது எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவே போட்டார். பின்னால் கோடீசுவரர் கார்னெகியின் பணமும் ஒரு வாரியமும் இருந்தன. பத்திரிகைகள் கேலி செய்தன, அந்நாட்டு நாடாளுமன்றம் எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரவு வாபஸ். இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் கணிசமானவை அமெரிக்காவில் ஏற்கெனவே புழங்கியவைதான். சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் 1934-இல் எழுத்துக்கூட்டல் திருத்தத்தில் இறங்கியது, 'த்ரூ' என்பதைப் பல ஆண்டுகள் டி-எச்-ஆர்-யு என்றே அச்சிட்டுப் பார்த்தது, 1975-இல் கைகழுவியது. ஆனால் காரில் உட்கார்ந்தபடியே சாப்பாடு வாங்கும் கடைப் பலகையில் அதே டி-எச்-ஆர்-யு இன்றும் இருக்கிறது. பலகையில் இடம் குறைவு, பெயிண்டருக்கு மூன்று எழுத்து மிச்சம்.

எந்தத் திருத்தத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: நாளைக் காலையில் இதை யார் எழுதப் போகிறார், அவருக்கு என்ன மிச்சம்? தமிழில் பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் இதற்கு நல்ல உதாரணம். தும்பிக்கை வைத்த லை, ளை, னை, சுழித்துக்கொண்டு நின்ற ணா, றா, னா என்று சில எழுத்துகளின் வடிவம் மட்டும்தான் மாறியது. அச்சுக் கோப்பவருக்கு எழுத்துக் கட்டைகள் குறைந்தன. 1978-இல் அரசாணை வந்து, பாடநூல்களிலும் ஏறி நிலைத்தது. ஐ, ஔ இரண்டையும் விட்டு அய், அவ் என்று எழுதலாம் என்ற பகுதியை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியும் தமிழுக்கு ஓர் அரசு, ஒரு பாடநூல் என்ற வசதி இருந்தது. ஆங்கிலத்துக்கு எத்தனை அரசு!

காதுக்குக் கேட்டபடி எழுதுவோம் என்பது மூன்றாவது சறுக்கல். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் விழும் பள்ளமும் இதுதான். யார் காது? லண்டன்காரர் 'கார்' என்னும்போது கடைசி ஆர் ஒலிக்காது, அமெரிக்கர் அதை நன்றாகவே உருட்டுவார். நம் ஊர்ப் பிள்ளை மூன்றாவதாக ஒன்று சொல்லும். ஒலிப்படி எழுதினால் ஒரு சொல்லுக்கு மூன்று உருவம் வரும். இப்போதைய கோணல் எழுத்துக்கூட்டலில் ஒரு லாபம் உண்டு, அது யார் வாய்க்கும் முழுதாகப் பொருந்தாததால் எல்லோருக்கும் பொது.

இதைப் புரியவைக்க வெளியே தேட வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். கீழக்கரை என்று தமிழில் ஒரே மாதிரி எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு பஸ்ஸில் கே-ஐ-எல் என்று தொடங்கும், இன்னொன்றில் இரண்டு இ, கடைப் பலகையில் இசட்-எச். இந்த இசட்-எச் நமக்கு 'ழ', வெளியூர்க்காரருக்கு 'மெஷர்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி. ராமேஸ்வரத்துக்கு எஸ் மட்டும் போட்டாலும் சரி, பக்கத்தில் எச் சேர்த்தாலும் சரி, ரயில் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். கோயம்புத்தூருக்கு நடுவில் டி-எச்-டி-எச், கடைசியில் இரட்டை ஓ என்று பெயர் நீண்டதைப் பார்த்து ஊரே பேசியது. சில நாட்களில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

இதே இடத்தில் பையன் ஒரு வாட்ஸ்அப் வேடிக்கையையும் ஆதாரமாகக் காட்டினான். ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று வாசிக்கலாமாம். 'எனஃப்' சொல்லின் ஜி-எச், 'விமன்' சொல்லின் ஓ, 'நேஷன்' சொல்லின் டி-ஐ. பெர்னார்ட் ஷா சொன்னது என்று கூடவே ஒரு படம். ஷா பிறந்தது 1856, இந்த வேடிக்கை அதற்கு முன்பே, 1855-லேயே ஒரு கடிதத்தில் இருக்கிறது. அது போகட்டும், இந்த வாதமே தப்பு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ஜி-எச் ஆங்கிலத்தில் ஒருபோதும் 'ஃப்' ஆகாது, கடைசியில் வரும் டி-ஐ 'ஷ்' ஆகாது. எழுத்து எங்கே நிற்கிறது என்பதற்கும் அங்கே விதி உண்டு. விதியைக் கற்றுக்கொள்ளாமல் விதியே இல்லை என்று சொல்லித் திருத்தம் எழுதுவதை எந்த வாத்தியார்தான் ஒப்புக்கொள்வார்?

ஒலிக்காத எழுத்தெல்லாம் குப்பை என்று நினைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 'சைன்' சொல்லில் ஊமையாக நிற்கும் ஜி, 'சிக்னேச்சர்' வந்ததும் வாய் திறக்கிறது. அதைப் பிடுங்கினால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் எல்லா ஊமை எழுத்துக்கும் இந்தக் கௌரவம் கிடையாது. 'டெட்' என்ற கடன் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் பி-யைச் செருகினார்கள். 'ஐலண்ட்' இன்னும் மோசம். அதற்கும் லத்தீன் சொல்லுக்கும் உறவே இல்லை, உறவு இருப்பதாக நினைத்து எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய தப்பை நாமும் ஒருமுறை எழுதுகிறோம்.

இனி சொல் உண்டாக்குவது. இங்கே பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பெயர் உள்ள பொருளுக்கு இன்னொரு பெயர் வைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்ஸ் என்ற டார்செட் கவிஞர், கிரேக்கச் சொல் எதற்கு என்று 'ஃபோட்டோகிராஃப்' என்பதை 'சன்பிரிண்ட்' ஆக்கச் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் அதற்குள் ஊர் முழுக்க ஃபோட்டோ எடுத்து முடித்திருந்தது. மாறாக, 'போஸ்ட்போன்' என்பதைப் பார்த்து யாரோ ஆக்கி, நம் நாட்டில் பரவிய 'பிரிபோன்' இன்று ஆங்கில அகராதிகளிலும் இருக்கிறது. தேதியை முன்னால் நகர்த்த ஆபீஸில் ஒரு சொல் தேவைப்பட்டது, கேட்ட மாத்திரத்தில் அர்த்தமும் புரிந்தது.

கடைசியாக ஒன்று. கொடுத்த சொல் நம் அர்த்தத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'கட்டுமரம்' 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இன்று 'கேட்டமரன்' என்றால் அவர்களுக்கு இரட்டை உடல் கொண்ட படகு, பணக்காரர்கள் உல்லாசமாகப் போவது. இரண்டு மூன்று மரத்தைக் கயிற்றால் கட்டி, இடுப்புவரை நனைந்துகொண்டு போகிறவருக்கு அதில் என்ன பங்கு? சங்கு 'சேங்க்' ஆனது, சங்குகுளிப்புக் கணக்குப் புத்தகங்களைத் தாண்டி அதிகம் நடமாடவில்லை.

இதெல்லாம் கேட்டபிறகு பையன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். மிஞ்சியது ஒரு சொல், பதநீர். ஆங்கிலத்தில் அதை 'ஸ்வீட் டாடி' என்று எழுதுகிறார்கள், வாசிக்கிறவர் கள் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். வடக்கே 'நீரா' என்பார்கள், அது இங்கே யார் வாயிலும் வராது. அவன் பெரியப்பா உச்சிப்புளி பக்கம் ரோட்டோரம் பதநீர் விற்கிறவர். ராமேஸ்வரம் போகும் வண்டிகள் நிற்கும் இடம். அட்டை ஒன்றில் பி-ஏ-டி-ஏ-என்-இ-இ-ஆர் என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டான். கீழே பனைமரப் படம் ஒன்று, "போதை இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வண்டி நின்றது, கேட்டார்கள், குடித்தார்கள், பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள்.

சித்திரை பாதியில் பத்தடி தள்ளி இன்னொரு கடை வந்தது. அவரும் அட்டை தொங்கவிட்டார், ஆனால் டி இருந்த இடத்தில் டி-எச். பையனுக்குக் கோபம். இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்து எது சரி என்று கேட்டார்கள். எந்தப் பானை முதலில் காலியாகிறது என்று கேட்டேன்.