முதலில் ஒரே ஒரு முறுக்கு

தீபாவளிக்குப் புது அளவில் முறுக்கு சுடுவதாக இருந்தால், அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் கலந்து வையுங்கள். அதில் ஒரு கைப்பிடியை மட்டும் பிசைந்து ஒரே ஒரு முறுக்கைச் சுட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால் சரியாகிவிடும். கடிக்க முடியாமல் கடுக்கென்று இருந்தால் ஒரு ஸ்பூன் வெண்ணெயை உருக்கிக் கலக்குங்கள். மீதி மாவில் இன்னும் தண்ணீர் படாததால் திருத்துவது சுலபம். அப்புறமும் ஈடு ஈடாகவே பிசையுங்கள். பிசைந்த மாவு நேரமானால் புளித்து, முறுக்கு சிவந்துபோகும்.

மைசூர்பாகு மாதிரி பாகு பலகாரங்களுக்கு இது உதவாது. அங்கே பதம் தாண்டினால் தாண்டியதுதான். முதல் தடவை ஒரு கப் கடலை மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.